கிரெடிட் கார்டு சர்வே என்று மெயில் வந்தால்: புதிதாகப் போனவர்களுக்கு

வெளிநாட்டுக்குப் போய் இரண்டு மூன்று மாதமே ஆன பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் நியூஜெர்சியில் ஏழு வருடம் இருந்துவிட்டு இப்போது மும்பையில், மாட்டுங்காவில் இருக்கிறேன். வீடு பார்ப்பது, லைசென்ஸ் எடுப்பது பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். கார்டு பற்றி வரும் மெயில்களை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போன வாரம் காலை எட்டு மணி இருக்கும். மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தேன். டல்லாஸிலிருந்து அக்கா பெண் கூப்பிட்டாள். அங்கே முந்தின நாள் இரவு ஒன்பதரை.

"சித்தி, கார்டு குடுத்த பேங்க்லேர்ந்து ஒரு சர்வே வந்திருக்கு. எட்டே கேள்விதான். முடிச்சா அம்பது டாலர் தராங்களாம். ஏழு முடிச்சுட்டேன்."

"எட்டாவது என்ன கேக்குது?"

"பணத்தை எந்தக் கார்டுல போடணும்னு நம்பர் கேக்குது."

"அப்படியே நிறுத்து. எதையும் அடிக்காதே. பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போய் உன் திரையைப் பாக்கறேன்."

பார்த்தேன். நல்லா செய்திருந்தார்கள். பேங்கின் லோகோ சரியாக இருந்தது, நிறம் சரியாக இருந்தது, ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. "உங்கள் 4-ல் தொடங்கும் கார்டை எத்தனை மாதமாகப் பயன்படுத்துகிறீர்கள்?" என்பது முதல் கேள்வி. "என் கார்டு 4-லதான் தொடங்குது சித்தி, அதனாலதான் நம்பினேன்" என்றாள். விசா கார்டு எல்லாமே 4-ல்தான் தொடங்கும். மாஸ்டர்கார்டு 5 அல்லது 2, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 34 அல்லது 37. முதல் நான்கு எண்கள் சரியாக இருந்தாலும்கூட அதற்கு மதிப்பில்லை, ஒரே பேங்கின் ஆயிரக்கணக்கான கார்டுகளுக்கு அவை ஒன்றாகவே இருக்கும். உண்மையான பேங்க் மெயில் பெரும்பாலும் கடைசி எண்களைத்தான் காட்டும். அதையும் முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கடை ரசீதிலும் அந்தக் கடைசி எண்கள் இருக்கின்றன.

ஏழு கேள்விகள் ஆளைப் பழக்குவதற்கு. திருப்தியா, ஆப் எப்படி, நண்பர்களுக்குச் சொல்வீர்களா. நேரம் செலவழித்துவிட்டோம், இன்னும் ஒன்றுதானே என்று கை தானாக அடுத்ததை அடிக்கும். எட்டாவதில் முழுக் கார்டு எண், எக்ஸ்பைரி, பின்னால் இருக்கும் மூன்று எண்கள், எல்லாவற்றுக்கும் கட்டம்.

இங்கேதான் நிற்க வேண்டும். ஊரில் யூபிஐ பழகிய நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. பணம் அனுப்பத்தான் பின் அடிக்க வேண்டும், வாங்குவதற்குத் தேவையே இல்லை என்று இங்கே காய்கறிக்காரருக்கும் தெரியும். கார்டும் அப்படித்தான். பின்னால் இருக்கும் அந்த மூன்று எண்கள், சிவிவி என்பது, கார்டிலிருந்து பணம் எடுப்பதற்குக் கேட்கும் எண். உங்களுக்குப் பணம் தர அது எதற்கு? அதோடு, கார்டு கொடுத்ததே அந்த பேங்க். தர நினைத்தால் உங்கள் கணக்கில் நேராக வரவு வைத்துவிடும். உங்கள் கார்டு எண்ணை உங்களிடமே கேட்காது.

சரி, அவள் ஏன் இவ்வளவு தூரம் போனாள்? படித்த பெண், மும்பையில் வளர்ந்தவள், கேஒய்சி முடக்கம் என்று வரும் எஸ்எம்எஸ்களைத் திறக்காமலே அழிப்பவள். எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள். இரண்டும் புதிதாகப் போன எல்லோருக்கும் பொருந்தும்.

ஒன்று, முதல் இரண்டு மாதத்தில் எந்த மெயில் வந்தாலும் எதனோடாவது பொருந்தும். அமெரிக்க அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் இப்போதுதான் வந்தது. முன்னூறு டாலர் டெபாசிட் கட்டி முதல் கார்டு இப்போதுதான் வாங்கினோம். கஸ்டமர் கேரை மூன்று தடவை கூப்பிட்டோம். அப்போது "உங்கள் சமீபத்திய அனுபவம் பற்றி" என்று யார் எழுதினாலும் நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு லட்சம் பேருக்கு அனுப்பியவனுக்கு அவள் யாரென்றே தெரியாது. இதோடு பயமும் சேர்ந்துகொள்ளும். கிரெடிட் ஸ்கோர் என்ற ஒன்று இனிமேல்தான் உருவாக வேண்டும், பேங்க் கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால் அதில் கை வைத்துவிடுவார்களோ என்று அவள் உண்மையாகவே நினைத்திருக்கிறாள். சர்வேக்குப் பதில் சொல்லாததால் ஸ்கோர் ஒரு புள்ளிகூடக் குறையாது. கடனை நேரத்தில் கட்டுகிறீர்களா, லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள், கணக்கு எவ்வளவு பழையது போன்றவைதான் அதில் சேரும். "48 மணி நேரத்தில் முடிக்காவிட்டால் கார்டு நிறுத்தப்படும்" என்று ஒரு சர்வே சொன்னால் அந்த வரியே போதும், மேலே படிக்க வேண்டாம்.

இரண்டாவது காரணம் ஓடிபி. இதை நன்றாகக் கவனியுங்கள். ரிசர்வ் பேங்க் 2009 ஆகஸ்ட் 1-லிருந்து ஆன்லைன் கார்டு செலவுக்கு இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. அதில் வளர்ந்தவர்கள் நாம். நம்பரைக் கொடுத்துவிட்டாலும் ஓடிபி சொல்லாதவரை ஒன்றும் ஆகாது என்று மனதுக்குள் ஒரு தைரியம் இருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான ஆன்லைன் கடைகளில் அந்தச் சுவர் கிடையாது. எண், எக்ஸ்பைரி, சிவிவி, போனால் போகிறது என்று ஜிப் கோடு. அவ்வளவுதான், பணம் போய்விடும். போனில் மணிகூட அடிக்காது. ஊர்க் கார்டை வெளிநாட்டு இணையதளத்தில் போட்டாலும் பல இடங்களில் இதே கதைதான்.

என் கதையையும் சொல்கிறேன். நியூஜெர்சி போன இரண்டாவது மாதம், இதே மாதிரி ஒரு கார்டு சர்வே. முடித்தால் இலவசக் கைக்கடிகாரம், அனுப்பும் செலவு மட்டும் 3.95 டாலர். நான்கு டாலர்தானே என்று கொடுத்தேன். கடிகாரம் வரவில்லை. அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் 89 டாலர், ஏதோ மாதச் சந்தா என்று. கணவர் வேலைக்குப் போன பிறகு அந்தத் தாளை வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். யாரிடம் சொல்வது, எந்த எண்ணைக் கூப்பிடுவது, நான் பேசும் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியுமா என்று பயம். மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. பணத்தைவிட அந்த மூன்று நாள்தான் இன்னும் நினைவில் இருக்கிறது. கடைசியில் கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டு, கார்டை நிறுத்தி, அந்தச் செலவு என்னுடையதில்லை என்று டிஸ்ப்யூட் போட்டுக் கொடுத்தாள். ஐந்து வாரத்தில் பணம் திரும்பி வந்தது. உங்களுக்கு இப்படி ஆகியிருந்தால் தயவுசெய்து அன்றைக்கே கூப்பிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

அதற்காக எல்லா சர்வேயும் பொய் என்று நினைக்க வேண்டாம். பேங்குகள் உண்மையிலேயே சர்வே அனுப்புகின்றன. குழப்பம் என்னவென்றால் உண்மையான சர்வேயும் பார்க்க மோசடி மாதிரியே இருக்கும். பல பேங்குகள் இதைத் தாங்களே நடத்துவதில்லை, குவால்ட்ரிக்ஸ், மெடாலியா போன்ற நிறுவனங்களின் வழியாகச் செய்கின்றன. லிங்க்கில் பேங்கின் பெயருக்குப் பதில் அந்தப் பெயர் இருக்கும். ஆகவே தெரியாத முகவரி என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. அந்த நிறுவனப் பெயர் இருப்பதால் மட்டும் நம்பிவிடவும் முடியாது, அங்கே கணக்கு வைத்து யாரும் ஒரு படிவம் செய்யலாம்.

நான் பார்ப்பது என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான். உண்மையான சர்வேக்கு உங்கள் அபிப்பிராயம் போதும். "எங்களை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை" என்று ஒரு கேள்வி அநேகமாக இருக்கும். 2003-ல் ஃப்ரெட் ரைக்ஹெல்ட் என்பவர் பிரபலப்படுத்திய அளவுகோல் அது, இன்று உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். நீங்கள் 3 போட்டாலும் 9 போட்டாலும் யாரும் அதை வைத்துத் திருட முடியாது. கார்டு எண், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, இவற்றில் ஒன்று எட்டிப் பார்த்தாலும் மூடிவிடுங்கள். முதல் கேள்வியா கடைசிக் கேள்வியா என்பது முக்கியமில்லை.

லிங்க்கைப் படிக்கும் விதம் ஒன்று இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். கம்ப்யூட்டரில் சுட்டியை லிங்க்கின் மேல் வைத்தால், அழுத்தாமலே, முகவரி கீழே தெரியும். போனில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும். தொடக்கத்தில் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் கடைசியாக, நடுவில் புள்ளி வைத்து இருக்கும் இரண்டு சொற்கள்தான் அநேகமாகச் சொந்தக்காரர், பிரிட்டன் மாதிரி நாடுகளில் மூன்று. அக்கா பெண்ணுக்கு வந்ததில் பேங்கின் பெயர் முன்னால் ஜம்மென்று இருந்தது. அதற்குப் பின்னால் 'கார்டு-ஃபீட்பேக்-ரிவார்ட்' என்று ஒன்று, பிறகு 'டாப்'. அதுதான் வீட்டு முதலாளி. முன்னால் இருக்கும் பேங்க் பெயர் வாசலில் மாட்டிய பலகை மாதிரி, யார் வேண்டுமானாலும் மாட்டலாம். பூட்டுப் படம் இருக்கிறதே என்பார்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு. அந்தப் பக்கம் இருப்பவன் நல்லவன் என்று அது சொல்லாது.

இத்தனையும் பார்த்த பிறகும் சந்தேகமா? மெயிலை விட்டுவிட்டு பேங்க் ஆப்பை நீங்களே திறந்து மெசேஜ் பகுதியைப் பாருங்கள், இல்லையென்றால் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். மெயிலில் கொடுத்த எண்ணுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். நியூஜெர்சியில் முகவரி மாற்றியபோது எனக்கு ஒரு சர்வே வந்தது, இப்படித்தான் கூப்பிட்டுக் கேட்டேன். எங்களுடையதுதான் என்றார்கள், பதில் போட்டேன்.

கேட்டவர்களுக்கு

"லிங்க்கை அழுத்திவிட்டேன், ஒன்றும் அடிக்கவில்லை" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பெரும்பாலும் பயமில்லை. எதையும் டவுன்லோட் செய்யாமல் பக்கத்தை மூடுங்கள், போனையும் ப்ரௌசரையும் அப்டேட் செய்யுங்கள். அந்த மெயிலில் இருக்கும் 'அன்சப்ஸ்க்ரைப்'பை அழுத்தாதீர்கள், ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள்.

எண்ணைக் கொடுத்துவிட்டவர்கள் உடனே கார்டை ஆப்பில் லாக் செய்து, பிறகு பேங்கைக் கூப்பிட்டுப் புது எண் கேளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி கிரெடிட் கார்டில் நீங்கள் செய்யாத செலவுக்கு உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர்தான். டெபிட் கார்டில் நாள் கணக்கு உண்டு. தொலைந்ததோ திருடுபோனதோ தெரிந்து 2 வேலை நாளுக்குள் சொன்னால் 50, தாமதித்தால் 500 வரை, ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளும் தாண்டினால் அதற்கு மேலும் போகலாம். சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கொடுத்திருந்தால் நம் கடன் விவரங்களை வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் கிரெடிட் ஃப்ரீஸ், அதாவது உங்கள் பெயரில் வேறு யாரும் புதுக் கடன் வாங்க முடியாதபடி ஒரு பூட்டு, போடுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து இது இலவசம்.

புகாரை அமெரிக்காவில் எஃப்டிசி என்னும் ஃபெடரல் டிரேட் கமிஷனின் இணையதளத்தில் பதியலாம். எஸ்எம்எஸ்ஸாக வந்தால் 7726-க்கு அப்படியே அனுப்புங்கள், கீபேடில் 'ஸ்பேம்' என்று அடித்தால் வரும் எண் அது. கனடாவிலும் பிரிட்டனிலும் இதே எண்தான். பிரிட்டனில் 159 அடித்தால் பெரும்பாலான பெரிய பேங்குகளுக்கு நேராக இணைப்பார்கள். சிங்கப்பூரில் சந்தேகம் கேட்க 1799.

செம்பூரிலிருந்து ஒரு அம்மா, மகன் டொராண்டோ போய்விட்டான், இங்கே வாங்கிய கார்டுக்கு வரும் மெயில் எல்லாம் அப்பாவுக்கு வருகிறது என்று எழுதியிருந்தார். அம்மா, இது முக்கியம். 2020 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கும் இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியேதான் வரும், நாமே திறக்க வேண்டும். போகும்போது உங்கள் மகன் திறந்திருப்பான். இப்போது அந்தக் கார்டு தேவையில்லை என்றால் ஆப்பில் திரும்ப மூடச் சொல்லுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் ஊர் சிம் செத்துவிட்டால் பேங்கின் எஸ்எம்எஸ் எச்சரிக்கை யாருக்கும் வராது, அதையும் பாருங்கள். இந்திய பேங்குகளின் இணையதள முகவரி பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. பேங்குகளுக்கு மட்டுமே கிடைக்கும் முகவரி அது, மெயிலில் வரும் லிங்க்கைப் பார்க்கும்போது உதவும். நாமே எண்ணைக் கொடுத்துப் பணம் போனால், பேங்கிடம் சொல்லும்வரை ஆன நஷ்டம் நம்முடையது என்று ரிசர்வ் பேங்க் 2017-ல் கொண்டுவந்த விதி சொன்னது. அதனால் ஏதாவது ஆனால் முதலில் பேங்க், உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்.

அக்கா பெண் அந்த ஏழு பதில்களோடு பக்கத்தை மூடிவிட்டாள். நேற்று இரவு மறுபடி ஒன்று வந்ததாம், இந்தத் தடவை எழுபத்தைந்து டாலர். லிங்க்கைத் தொடாமல் படம் எடுத்து எனக்கு அனுப்பி, முதலாளி பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.