வில்லியனூர் வீடு குடும்பக் குழு

சார்செல் சித்தி: ஞாயிற்றுக்கிழமை மருமகளின் பாட்டி சாப்பிட வந்திருந்தார். கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்காரர், 93 வயது. பேரன் மிச்சம் வைத்த ரொட்டித் துண்டை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். கேட்டால் யுத்தகாலப் பழக்கமாம்.

பெரியம்மா: அங்கேயுமா சண்டை நடந்தது?

சார்செல் சித்தி: சண்டை இல்லை அக்கா, கப்பல் வரவில்லை. 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்ததும் தீவின் கவர்னர் சொரேன், ஜெர்மனியோடு சமரசம் செய்துகொண்ட பெத்தான் பக்கம் நின்றுவிட்டார். இங்கிலீஷ்காரர்கள் கடலை மறித்தார்கள். தீவில் விளைவதோ கரும்பும் வாழையும். கோதுமை மாவு, துணி, சோப்பு எல்லாம் வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

மாமா: அதே வருஷம் செப்டம்பரில் நம் பாண்டிச்சேரி கவர்னர் போன்வேன், ஜெர்மனியை எதிர்த்து நின்ற தெகோல் பக்கம் போய்விட்டார். நாம் தப்பித்தோம்.

சார்செல் சித்தி: இந்தப் பாட்டியுடைய கொள்ளுத்தாத்தாவே காரைக்காலில் கப்பலேறியவர்தான் அண்ணா! சரி, கேளுங்கள். உப்புக்குக் கடல்தண்ணீரைத் தகர டின்னில் காய்ச்சுவார்களாம். இவரும் தங்கையும் குச்சியால் கிண்டவேண்டும். டின் ஓரத்தில் படிந்ததை விரலால் வழித்து நக்கினால் முதுகில் ஒன்று விழும். ரொட்டிக்குப் பதில் மரவள்ளி மாவில் அடை. பழைய கார் டயரை வெட்டிச் செருப்பு. பள்ளிக்கூட வாசல்வரை அதைக் கையிலேயே தூக்கிப் போவாராம், தேய்ந்துவிடும் என்று.

கார்த்தி: டயர் எங்கே சித்தி தேயும் 😂

சார்செல் சித்தி: நானும் அதைத்தான் கேட்டேன். அம்மா சொன்னால் சொன்னதுதானாம்.

பெரியம்மா: பாவம். வீட்டு ஆம்பிளைகள்?

சார்செல் சித்தி: மூத்த அண்ணன் ஒரு ராத்திரி படகேறி, இங்கிலீஷ்காரர்கள் கையிலிருந்த பக்கத்துத் தீவு தொமினிக்காவுக்குப் போய்விட்டார். குவாதலூப்பின் கப்பெஸ்தேர் ஊர்க் கரையில் நின்றால் அந்தத் தீவு கண்ணுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கில் பையன்கள் அப்படிப் போய் தெகோல் படையில் சேர்ந்தார்கள். சில படகுகள் கரை சேரவே இல்லை. யார் கேட்டாலும் "அண்ணன் அத்தை வீட்டில் இருக்கிறான்" என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார்களாம். எட்டு வயதுப் பிள்ளை, போலீஸ்காரரிடமே அப்படிச் சொல்லியிருக்கிறார்! சொல்லும்போது இப்போதும் ஒரு பெருமை முகத்தில்.

கார்த்தி: அண்ணன் திரும்பினாரா?

சார்செல் சித்தி: சண்டை முடிந்து வந்தார். அதற்கு முன்பே, 1943 ஜூலையில் சொரேன் காலம் முடிந்து மாவுக் கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. முதல் வெள்ளை ரொட்டியை இவர் துப்பிவிட்டாராம். அடைதான் வேண்டும் என்று அழுகை.

மாமா: அடுத்த தடவை வந்தால் பேச்சைப் பதிவு செய்.

சார்செல் சித்தி: போனை எடுத்தாலே வாயை மூடிக்கொள்கிறார் அண்ணா. மருமகளிடம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன், பாட்டி பேசும் தீவு மொழி கிரெயோல் அவளுக்குத்தான் புரிகிறது.