எர்ணாவூரிலிருந்து செய்யாற்றுக்கு: நாங்கள் முடிவெடுத்த விதம்

ஊரை விட்டுப் போகலாமா என்று யார் கேட்டாலும் முதலில் வாடகைக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு ஒரே மாலையில் முடிந்துவிட்டது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்கு என் கணவரைக் கூப்பிட்டிருந்தார்கள். சம்பளம் குறைவு, வாடகையும் குறைவு. கூட்டிக் கழித்தால் கையில் நிற்பது ஏறக்குறைய இப்போது நிற்பதுதான். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எங்களைத் தூங்கவிடாமல் செய்தவை வேறு.

நான் பிறந்தது காலடிப்பேட்டை, வாழ்க்கைப்பட்டது எர்ணாவூர். இரண்டும் வடசென்னைதான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்குப் போனவள். மெட்ரோ வேலைக்காக அந்தச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த வருடங்களில் புழுதியைத் தின்றுகொண்டே காத்திருந்தோம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்த பிறகு, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நான் கணக்கெழுதும் துணிக்கடைக்குப் போய்வருவது எவ்வளவு எளிதாகிவிட்டது! இத்தனை காலம் காத்திருந்து கிடைத்ததை விட்டுவிட்டா போவது என்று எனக்கு ஆதங்கம்.

அத்தைக்கு வருத்தம் கோயிலைப் பற்றி. திருவொற்றியூரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும்தான் ஆதிபுரீஸ்வரரின் கவசத்தைத் திறப்பார்கள். எவ்வளவு நீண்ட வரிசையானாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறார். அங்கே எந்தக் கட்டடத்தில் எந்த வரிசை என்பது அவருக்கு மனப்பாடம். புது ஊரில் அதையெல்லாம் இந்த வயதில் முதலிலிருந்து பழக வேண்டும்.

இவ்வளவு இருந்தும் ஏன் போக நினைத்தோம் என்றால், மகனுடைய மூச்சு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. மணலிப் பக்கமிருந்து கால்வாய் வழியாக வந்த எண்ணெய் அது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் கறுப்புக் கோடு. தேய்க்கத் தேய்க்கப் பரவியதே தவிர போகவில்லை. பாய், தலையணை, பள்ளிப் புத்தகம் எல்லாவற்றையும் எறிந்தோம். அந்த நெடி மூக்கை விட்டுப் போவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. குப்பத்து மக்கள் ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். எங்கள் தெருவிலும் கதவுகள் திறந்தன. எந்தத் திசையில் ஓடினால் காற்று நன்றாக இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

மகனுக்கு அதற்கு முன்பே இழுப்பு உண்டு. இன்னதால்தான் என்று மருத்துவர் எதையும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் விடுமுறைக்கு வந்தவாசிப் பக்கம் என் நாத்தனார் வீட்டுக்குப் போனால் அவன் இன்ஹேலரைத் தேடுவது குறைகிறது. திரும்பி வந்தால் மறுபடியும் இரவில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். பெற்றவளுக்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

போனவர்கள் சிலரிடம் விசாரித்தேன். எங்கள் தெருவிலிருந்து செய்யாற்றுக்குக் குடிபோன அக்கா ஒருவர் ஒளிக்காமல் சொன்னார். “இங்கே ரயில் கிடையாது தங்கச்சி. காஞ்சிபுரத்துக்கு பஸ் பிடித்துப் போய்த்தான் ரயிலேற வேண்டும். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வா, இல்லாவிட்டால் வீட்டோடு கிடப்பாய். காசிமேட்டு மீனை மறந்துவிடு, ஏரி மீனுக்கு நாக்கைப் பழக்கு.” வெயில் காலத்தில் இரவில் மொட்டை மாடியில் படுக்கலாம், காலையில் துணியில் கரித்தூள் இருக்காது என்பதையும் அவரே சொன்னார். மரக்காணம் பக்கம் போன என் கணவரின் சித்தப்பாவோ திரும்பியே வந்துவிட்டார். சிறுநீரகக் கோளாறு முற்றி, சிகிச்சைக்கு அடிக்கடி இரண்டு பஸ் மாறிப் போக முடியவில்லை. போகிற ஊரில் பெரிய மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கேட்காமல் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வீடு தேடியபோது நடந்ததையும் மறைக்க விரும்பவில்லை. எர்ணாவூரில் வீட்டுக்காரம்மா எங்களிடம் கேட்டது எத்தனை பேர், அட்வான்ஸ் எவ்வளவு தர முடியும் என்ற இரண்டைத்தான். செய்யாற்றில் பார்த்த முதல் வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்டார்கள். என் கணவர் பதில் சொல்லாமல் எழுந்துவிட்டார். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி, கொஞ்சம் சுற்றி வளைத்து. சென்னையில் இது இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மீனவரும் ஆலைத் தொழிலாளியும் லாரி ஓட்டுநரும் ஒரே குழாயடியில் குடம் வைக்கும் எங்கள் தெருவில் அதைக் கேட்டு யாரும் எங்களை நிறுத்தியதில்லை. அன்று திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்காவதாகப் பார்த்த வீட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வேலை என்ன, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்துச் சாவியைக் கொடுத்தார். அந்த அம்மாள் இல்லையென்றால் நாங்கள் போகப் போவதில்லை.

ஆம், போகிறோம். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மே மாதத்தில். அத்தை இப்போதைக்குக் கொழுந்தனார் வீட்டில், திருவொற்றியூரிலேயே இருப்பார். கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் துணிக்கடை வேலையை விடுகிறேன். அது எனக்குப் பெரிய இழப்பு. இந்த ஊர் பிடிக்காமல் போகிறோம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். காற்றையும் தண்ணீரையும் ஒழுங்காக வைத்திருந்தால் நாங்கள் ஏன் கிளம்பப் போகிறோம்? கிளம்ப வழியில்லாதவர்கள்தான் எங்கள் தெருவில் அதிகம். அவர்களுக்காகப் பேசுவதை நான் செய்யாற்றிலிருந்தும் நிறுத்தமாட்டேன்.

ஒரு கவலை தீரவில்லை. மகள் எட்டாம் வகுப்பு, கேரம் ஆடுகிறாள். 2024இல் வடசென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றதிலிருந்து, மாலையானால் கிளப்பை விட்டு வீட்டுக்கு வரமாட்டாள். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு பலகை உண்டு. செய்யாறு, ஆரணி, காஞ்சிபுரம் பக்கம் பெண் பிள்ளைகளுக்குக் கேரம் கற்றுத்தரும் இடம் எதுவும் உங்களுக்குத் தெரிந்தால், எத்தனை மணி வரை நடக்கிறது, பஸ் வசதி எப்படி என்பதோடு எழுதுங்கள்.