கலைச்சொல்: இறப்புக்குப் பின் அனுப்பும் எம்.டி.எஸ். பதிவுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

> டெத் இன் ஃபெசிலிட்டி டிராக்கிங் ரெக்கார்ட் = இல்ல மரண மதிப்பீடு

ஐயா, இந்தச் சொல்லில் 'மதிப்பீடு' வரவே கூடாது என்று நினைக்கிறேன். அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் நம்மவர் பலர் நர்ஸாக இருக்கிறார்கள். தவறான பெயர் அவர்களைத் தவறான வேலையில் இறக்கிவிடும். (நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. அதனால் பட்டியலில் 'பராமரிப்பு இல்லம்' என்றே போடுவோம்.)

எம்.டி.எஸ். என்பது பராமரிப்பு இல்லத்தில் தங்குபவர்களைப் பற்றி நிரப்பி அரசுக்கு அனுப்பும் மதிப்பீட்டுப் படிவம். 1987இன் ஓப்ரா என்ற அமெரிக்கச் சட்டத்தால் வந்த ஏற்பாடு இது. இல்லத்தில் தங்குபவரின் நினைவாற்றல், மனநிலை, வலி, நடமாட்டம், சாப்பாடு எல்லாவற்றையும் குறித்த காலங்களில் மதிப்பிட்டு எழுத வேண்டும். இடையில் ஒருவர் ஹாஸ்பிஸில் (இறுதிக்காலப் பராமரிப்பில்) சேர்ந்தால், அதற்கென்று 14 நாளுக்குள் இன்னொரு முழு மதிப்பீடு. ஆனால் ஹாஸ்பிஸில் சேர்பவர்களில் பலர் அந்த 14 நாள்கூட இருப்பதில்லை.

மார்ச் 3 அன்று ஒரு பாட்டி ஹாஸ்பிஸில் சேர்ந்து 9ஆம் தேதி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிவம் பாதியில் நிற்கிறது. அதை முடிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கெடு முடியுமுன் இறந்துவிட்டால் முடிக்கத் தேவையில்லை என்று விதி கையேடே சொல்கிறது. எழுதியவரை மருத்துவக் கோப்பில் வைத்து, ஏன் முடியவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். மெடிகேர் என்ற அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டின் 'ஏ' பிரிவில் பணம் கேட்கும் 5 நாள் மதிப்பீட்டுக்கு மட்டும் கணக்கு வேறு.

கட்டாயம் அனுப்ப வேண்டியது இறப்புக்கான அந்தச் சிறு பதிவு. பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, இறந்த தேதி போன்ற விவரங்கள்தான் அதில் இருக்கும். இறந்து 7 நாளுக்குள், அதாவது 16ஆம் தேதிக்குள் முடித்து, 14 நாளுக்குள், 23ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். வேறு எந்த மதிப்பீட்டோடும் சேர்க்கக் கூடாது.

இதற்கு 'மரண மதிப்பீடு' என்று பெயர் வைத்தால், புதிதாக வந்த நர்ஸ் என்ன செய்வார்? இறந்தவரின் வலிக் கேள்விகளையும் மனநிலைக் கேள்விகளையும் எப்படியாவது நிரப்பப் பார்ப்பார். அந்தக் கேள்விகள் அவரிடமே நேரில் கேட்டு எழுதுவதற்கானவை. கேட்க ஆள் இல்லாதபோது எழுதும் பதில் பொய்ப் பதிவு. அந்தப் பாட்டிக்கும் அது மரியாதை இல்லை.

'இல்ல' என்ற முன்னொட்டும் வேண்டாம். இரண்டு நாள் விடுப்பில் மகள் வீட்டுக்குப் போய் அங்கே இறந்தாலும் இதே பதிவுதான். மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டபின் இறந்தால் இது பொருந்தாது. அதற்கு டிஸ்சார்ஜ் மதிப்பீடு.

என் பரிந்துரை:
இறப்புத் தடப்பதிவு
வருகைத் தடப்பதிவு (ஒருவர் இல்லத்துக்கு வரும்போது அனுப்பும் பதிவு; இதுவும் மதிப்பீடு அல்ல)
பெருமாற்ற மதிப்பீடு (ஹாஸ்பிஸில் சேரும்போது செய்வது)

அன்புடன்,
ஓர் எம்.டி.எஸ். நர்ஸ்

---

அம்மா, 'மதிப்பீடு' கூடாது என்பதை ஏற்கிறேன். 'தட' எதற்கு? 'இறப்புப் பதிவு' என்றாலே விளங்குமே.

---

ஐயா, 'இறப்புப் பதிவு' என்றதும் எல்லோருக்கும் பிறப்பு இறப்புப் பதிவும் சான்றிதழும்தான் நினைவுக்கு வரும். குடும்பத்தார் அந்தச் சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருக்கும் நேரத்தில், "இறப்புப் பதிவு அனுப்பியாகிவிட்டது" என்று இல்லம் சொன்னால், அந்த வேலை முடிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் வேறு வேறு அலுவலகத்துக்குப் போகிறவை. மேலும் 'தட' இருந்தால் வருகையும் இறப்பும் ஒரே வகைப் பதிவு என்பது பட்டியலைப் பார்த்ததுமே தெரியும்.

அப்புறம், 'டிஸ்சார்ஜ் மதிப்பீடு' இன்னும் பாக்கி. 'விடுவிப்பு' என்றால் சிறை நினைவு வருகிறது, 'வெளியேற்றம்' என்றால் துரத்திவிட்டது போல இருக்கிறது. 'வெளிச்செல்கை மதிப்பீடு' சரிவருமா?