டிராப் பாரா, ஃபிளாட் பாரா? கோடநாட்டு மண் பாதையும் ஒரு காட்டெருமையும்

கோத்தகிரியிலிருந்து:
டிராப் பார் (முனைகள் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார்) சைக்கிள் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கோடநாட்டிலிருந்து திரும்பும்போது தார்ச்சாலையை விட்டுத் தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் இறங்கினேன். வளைவைத் திரும்பியதும் குறுக்கே காட்டெருமை. கைகள் இரண்டும் ஹுட்டின் மேல், அதாவது பிரேக் லீவரைத் தாங்கும் ரப்பர் உறையிட்ட மேற்பிடியில், இருந்தன. அங்கிருந்து பிடித்தால் விரல் லீவரின் அச்சுக்கு அருகிலேயே விழுகிறது என்பதால், குளிரில் விறைத்த விரல்களின் வலு பிரேக்குக்குப் போதவில்லை. கைகளைக் கீழ் வளைவுக்கு இறக்கிப் பிடிப்பதற்குள் வண்டி சறுக்கிக்கொண்டே சென்றது. நின்றபோது, வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற அதன் கால்களில் அப்பியிருந்த சேறு ஈரமாக இருந்ததுகூடத் தெரிந்தது. அது ஒரு காதை மட்டும் அசைத்தது. நேராக இருக்கும் ஃபிளாட் பாராக இருந்திருந்தால் விரல்கள் லீவரின் நுனியிலேயே இருந்திருக்குமே என்ற எண்ணம் இன்னும் விடவில்லை.

குன்னூரிலிருந்து:
குற்றம் ஹேண்டில்பாருடையது அன்று. மண்ணில் இறங்கும் முன்பே கைகளை இறக்கியிருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை 33 கிலோமீட்டரையும் நான் ஃபிளாட் பாரில், பிடியை மாற்ற வழியில்லாமல், ஒரே பிடியாக ஏறினேன். டீக்கடையில் தம்ளரை வாங்கியபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருந்ததால் அது நழுவி உடைந்தது. அடுத்த டீயைக் கடைக்காரர் என் கையில் தராமல் பெஞ்சில் வைத்தார்.

உதகையிலிருந்து:
யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஃபிளாட் பாரில் இறங்கியவன் நான். அகலமான பிடி தந்த தைரியம் வேறெதிலும் வரவில்லை. ஆனால் அவசரப்பட்டு பாரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். டிராப் பாரில் லீவர் பொருந்தும் இடம் 23.8 மில்லிமீட்டர், ஃபிளாட் பாரில் 22.2; ஆகவே பிரேக் லீவரும் கியர் மாற்றும் ஷிஃப்டரும் சேர்ந்தே மாற வேண்டும், செலவு அங்கேதான் ஏறும். சக்கர விளிம்பை இரு நீண்ட கைகளால் அழுத்தும் வீ-பிரேக் வண்டியில் டிராப் பார் போடுவோருக்கு வேறு சிக்கல்: சாதாரண ரோடு லீவர் இழுக்கும் கேபிள் நீளம் வீ-பிரேக்குக்குப் போதாது. குன்னூர் நண்பர் ஃபிளாட் பாரின் முனைகளில் கொம்பு போன்ற கூடுதல் பிடிகளைப் பொருத்தினால் பிடியை மாற்றிக்கொள்ளலாம். கோத்தகிரி நண்பருக்கு, கீழ்ப்பகுதி வெளிப்புறமாக விரிந்த டிராப் பாரும் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் போதும். ஹுட்டிலிருந்தே ஒரு விரலால் நிறுத்தலாம்.

கோத்தகிரியிலிருந்து:
என்னுடையது கம்பியால் இழுபடும் கேபிள் டிஸ்க் பிரேக். பாரை இன்னும் மாற்றவில்லை. அந்த வளைவு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.