பிரைமர்: 'அடிப்பூச்சு' வேண்டாம், 'பிடிவண்ணம்' என்போம்

வணக்கம்.

பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற பிரைமருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், 'அடிப்பூச்சு' ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொள்வோம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கட்டுகிற வீட்டில் பூசுவது கொத்தனார், அடிப்பது பெயிண்டர். 'பூச்சு வேலை முடிஞ்சுதா?' என்று கேட்டால் சிமெண்ட் பூச்சு முடிந்ததா என்றுதான் அர்த்தம். 'அடிப்பூச்சு நன்றாகக் காயட்டும்' என்று எழுதினால், வீடு கட்டிக்கொண்டிருப்பவர் அதைச் சுவரில் ஏற்றும் முதல் சாந்து என்றே எடுத்துக்கொள்வார்.

'முதற்பூச்சு' இன்னும் சிக்கல், ஏனென்றால் பிரைமர் எப்போதும் முதலில் வருவதில்லை. சுவரின் குழிகளை நிரப்பிச் சமமாக்கத் தடவுகிற பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை சிமெண்டில் செய்த பட்டி என்றால் சுவரை நனைத்து நேராகப் பட்டி பார்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, அதற்கு மேல்தான் பிரைமர். முன்னாலேயே பிரைமர் அடித்தால் சுவரின் துளைகள் அடைபட்டு அந்தப் பட்டி சரியாக ஒட்டாது. அக்ரிலிக் பட்டி என்றால் முறையே வேறு: பிரைமர், பட்டி, தேய்ப்பு, மறுபடியும் பிரைமர். ஒரே சுவரில் இரண்டு முறை வருகிற ஒன்றை எப்படி 'முதல்' என்பது?

அதனால் இடத்தைப் பார்த்துப் பெயர் வைக்காமல் அது செய்கிற வேலையைப் பார்த்து வைப்போம். பட்டி பார்த்த சுவரில் நேராகப் பெயிண்ட் அடித்தால் சுவர் குடித்துவிடும் என்பார்கள். பெயிண்டில் இருக்கும் நீரும் பசையும் உள்ளே இழுபட்டு, மேலே வெறும் நிறத்தூள் மட்டும் நின்று, கையால் தடவினால் மாவு மாதிரி வரும். புதுச் சிமெண்ட் சுவரில் காரத்தன்மை வேறு இருக்கும். எண்ணெய்ப் பெயிண்டை அது சவர்க்காரமாக்கி உரித்துவிடும். மரக் கதவில் கணு இருந்தால் பிசின் கசிந்து, வெள்ளை எனாமல் பெயிண்டில் மஞ்சள் கறையாக எழும்பும். கணுவுக்கு மட்டும் அரக்குக் கரைசலைத் தடவிவிட்டு பிரைமர் அடிப்பது அதனால்தான். பிரைமர் செய்வது இப்படித் தடுக்கிற வேலை, அதனால் 'தடுப்பு வண்ணம்' என்று வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் தடுப்பது எதற்காக? மேலே வருகிற பெயிண்ட் பிடித்து நிற்பதற்காக. 'பிரைமர் இல்லாம பெயிண்ட் பிடிக்காது சார்' என்று பெயிண்டரும் அந்த வினையைத்தான் சொல்கிறார்.

அந்த வினையிலிருந்தே என் பரிந்துரை: பிடிவண்ணம். ஊறுகாய் என்பது போன்ற வினைத்தொகை, வாயில் தடுக்காது. பிரைமருக்கு நிறமே இல்லையே, வண்ணம் என்று எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடும் பிரைமர்தான், அது என்ன நிறம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மரவேலையில் பிரைமருக்கும் கடைசி எனாமலுக்கும் நடுவில் அடிக்கிற அண்டர்கோட்டுக்கு 'இடைவண்ணம்' என்று வைக்கலாம். அதன் இடம் மாறுவதில்லை என்பதால் இடப்பெயர் அதற்குப் பொருந்தும். மேலே வருவது 'மேல்வண்ணம்', அதில் குழப்பமில்லை.

பட்டி, உப்புத்தாள் இரண்டையும் தயவுசெய்து தொடாதீர்கள். பட்டிக்கு 'நிரப்புக்களிம்பு' என்று வந்திருக்கும் பரிந்துரையைக் கடுமையாக எதிர்க்கிறேன். 'பட்டி பார்ப்பது' என்று தனி வினையே உண்டாகி, கார் பட்டறை வரை புழங்குகிற சொல் அது. அதை எடுத்துவிட்டு, எந்தப் பெயிண்டருக்கும் புரியாத ஒன்றை வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

பிடிவண்ணத்துக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்து டிஸ்டெம்பரை எடுத்துக்கொள்வோம்.