மீட்டரில் 100, ஜிபிஎஸ்ஸில் 94: எதை நம்புவது?

விழுப்புரம் ஹேட்ச்பேக்:

வணக்கம். போன வருஷம் வாங்கிய பெட்ரோல் வண்டி, கம்பெனியில் இருந்து வந்த அதே 185/65 ஆர்15 டயர், எதையும் மாற்றவில்லை. திண்டிவனம் தாண்டி உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலில் (வைத்த வேகத்தை வண்டியே பிடித்துக்கொள்கிற வசதி) 100 வைத்துவிட்டுப் போனால் போனில் மேப் 94 என்று காட்டுகிறது. நடுவில் 93 வரும், மறுபடி 94 வரும், 95-ஐத் தொடவே இல்லை. ஊருக்குள் மீட்டரில் 60 என்றால் போனில் 56. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "எல்லா வண்டியும் அப்படித்தான் சார்" என்று முடித்துவிட்டார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது, இது கோளாறா இல்லையா? வேகம் 6 கூட்டிக் காட்டுகிறது என்றால் கிலோமீட்டரும் அதே அளவுக்குக் கூடுதலாக ஓடுகிறதா? அப்படி ஓடினால் வாரன்டி, சர்வீஸ், மைலேஜ் எல்லாமே தப்புக் கணக்காகிவிடும். அப்புறம் ஒன்று, 100 என்று போர்டு வைத்த இடத்தில் மீட்டரில் 106 வரைக்கும் போகலாமா?

முள்ளும் டயலும்:

கோளாறு இல்லை சார், வேண்டுமென்றே அப்படி அமைத்தது. ஐ.நா. வாகன விதிகளில் 39 என்று ஒன்று இருக்கிறது, ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் அதுதான் அளவுகோல். ஸ்பீடோமீட்டர் எந்தக் காரணத்துக்காகவும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது அதன் முதல் வரி. கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு மணிக்கு 4 கிலோமீட்டர். உண்மையில் 80-ல் போகிற வண்டி 92 வரை காட்டலாம், 100-ல் போகிற வண்டி 114 வரை காட்டலாம். 79 என்றோ 99 என்றோ காட்டினால் அந்த மாடலுக்கு ஒப்புதல் கிடைக்காது. உங்கள் வண்டி 94-க்கு 6 கூட்டிக் காட்டுகிறது, வரம்பு 13-க்கு மேல், அதில் பாதிகூட இல்லை.

இப்போது கம்பெனிக்காரர் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று டயர் அளவு இருக்கும், ஒரே அளவிலேயே ஒரு பிராண்டுக்கும் இன்னொன்றுக்கும் விட்டம் துளி மாறும், புது டயர் ஒரு மாதிரி, தேய்ந்தது ஒரு மாதிரி. இத்தனையிலும் எந்தச் சேர்க்கையில் வண்டி ஓடினாலும் முள் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்றால், முன்கூட்டியே சில கிலோமீட்டர் தள்ளி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. உலகம் முழுக்க விற்கிற வண்டிகள் என்பதால் நம் ஊர் வண்டிகளிலும் இதே போக்கைப் பார்க்கலாம்.

கிலோமீட்டர் விஷயத்தில் பயப்பட வேண்டாம். சக்கரத்தில் இருக்கிற ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) சென்சாரோ கியர்பாக்ஸில் இருக்கிற சென்சாரோ கொடுக்கிற துடிப்பு ஒன்றுதான், ஆனால் டயலில் காட்டும்போது சேர்க்கிற அந்தக் கூடுதல், தூரக் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. வண்டியின் கணினித் தகவலைப் படிக்கிற ஓபிடி கருவி இருந்தால் செருகிப் பாருங்கள். பல வண்டிகளில் இசியு, அதாவது வண்டியின் கணினி, சொல்கிற வேகம் டயலைவிடக் குறைவாக, ஜிபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும்.

டாக்சி அண்ணாச்சி:

போனை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள் தம்பி. மேம்பாலத்துக்கு அடியில், மலைப்பாதை வளைவில், மரம் மூடிய ரோட்டில் அது தடுமாறும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி 80-க்குப் போன பிறகுதான் அது 70 என்று சொல்லும். சமதளத்தில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் போனால் மட்டும்தான் அதன் பேச்சைக் கேட்கலாம்.

நாங்கள் அம்பாசடர் ஓட்டிய காலத்தில் கிலோமீட்டர் கல்தான் ஜிபிஎஸ். அந்த மீட்டருக்கு கியர்பாக்ஸில் இருந்து ஒரு கேபிள் சுற்றிக்கொண்டே வரும், அது உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றும், காந்தத்தைச் சுற்றி ஒரு சின்ன அலுமினியக் கிண்ணம், அந்தக் கிண்ணம் காந்தத்தோடு இழுபட்டுத் திரும்பப் பார்க்கும், மெல்லிய சுருள் ஸ்பிரிங் ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் வேகம். கேபிளில் கிரீஸ் காய்ந்துவிட்டால் முள் 40-க்கும் 60-க்கும் நடுவில் படபடவென்று ஆடும், ஸ்பிரிங் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். அதனால் எந்த டிரைவரும் முள்ளை மட்டும் நம்பி ஓட்டியதில்லை, கல்லையும் கடிகாரத்தையும் பார்ப்போம்.

3600-ஐ ஒரு கிலோமீட்டருக்கு ஆன நொடியால் வகுத்தால் வேகம். 36 நொடி என்றால் 100, 40 என்றால் 90, 45 என்றால் 80. ஒரு கல்லோடு நிறுத்திவிடாதீர்கள், பைபாஸ் போட்ட இடங்களில் கல்லுக்குக் கல் தூரம் சரியாக இருக்காது. நேர் ரோட்டில் தொடர்ந்து ஐந்து கல் எடுங்கள். பக்கத்து சீட்டில் ஒருவர் இருந்து போனில் ஸ்டாப்வாட்ச் அழுத்தட்டும், ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும். முதல் கல்லில் ட்ரிப் மீட்டரையும் பூஜ்யம் செய்துவிட்டால் உங்கள் கிலோமீட்டர் சந்தேகமும் அங்கேயே தீர்ந்துவிடும். எங்கள் தொழிலில் அதுதான் முக்கியம், கஸ்டமர் காசு கொடுப்பது கிலோமீட்டருக்கு, வேகத்துக்கு இல்லை.

கோவை டயர் கடை:

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான், ஆனால் இதெல்லாம் கம்பெனி டயர் இருக்கிற வரைக்கும்தான். கடைக்கு வருகிற இளவட்டங்களிடம் நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்; அந்த டயரின் விட்டம் கணக்குப்படி 621.5 மில்லிமீட்டர். ரிம்மை 16 ஆக்க ஆசைப்படுகிறவருக்கு 195/55 ஆர்16 போட்டால் விட்டம் 620.9, மீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் வண்டி தூக்கலாக, முரட்டுத்தனமாக நிற்க வேண்டும் என்று 205/60 ஆர்16 கேட்பார்கள். அதன் விட்டம் 652.4. ஐந்து சதவீதம் பெரிசு. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஐந்து சதவீதம் கூடுதல் தூரம் போகும், ஆனால் சென்சாருக்கு அது தெரியாது, பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். கேள்வி கேட்டவர் வண்டியில் அதைப் போட்டால் மீட்டரில் 100 என்னும்போது உண்மை வேகம் 98-ஐத் தாண்டிவிடும். கம்பெனி வைத்த இடைவெளியே 3 தான் என்கிற வண்டியில் போட்டால் 100 என்று காட்டும்போது வண்டி 102-ஐ நெருங்கியிருக்கும், அதாவது மீட்டர் குறைத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டது. கிலோமீட்டரும் குறைவாக ஓடும், அதைப் பார்த்துவிட்டு "டயர் மாற்றியதில் மைலேஜ் விழுந்துவிட்டது" என்று என்னிடமே வந்து சண்டை போடுவார்கள். கனமான டயரால் கொஞ்சம் விழும், அது உண்மை, ஆனால் பாதி மீட்டர் கணக்கு.

தேய்மானம் இதற்கு நேர் எதிர். புது டயரில் பட்டன் (ரோட்டைத் தொடுகிற மேடுகள்) ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர், 1.6 வந்தால் மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் விட்டம் கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர் குறைந்துவிடும், இரண்டு சதவீதம். இன்றைக்கு மீட்டர் 100-க்கு உண்மை 94 என்றால் டயர் மொட்டையாகும்போது 92. காற்று குறைந்தாலும் இப்படித்தான், ஆனால் ரேடியல் டயரில் உள்ளே ஸ்டீல் பெல்ட் நீளம் மாறாததால் அந்த வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். ஆகவே இன்றைக்கு அளந்த 6-ஐ வண்டி விற்கிற வரைக்கும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள முடியாது.

விழுப்புரம் ஹேட்ச்பேக்:

அண்ணாச்சி சொன்னபடியே செய்தாயிற்று, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச் பிடித்தான். க்ரூஸில் 100, ஐந்து கிலோமீட்டருக்கு 3 நிமிஷம் 12 நொடி. கணக்குப் போட்டால் 93.75, ஜிபிஎஸ் சொன்னதேதான். ட்ரிப் மீட்டர் ஐந்தாவது கல்லில் சரியாக 5.0-க்கு மாறியது, ஆக கிலோமீட்டர் சுத்தம். எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த 106 கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே?

முள்ளும் டயலும்:

போகாதீர்கள் சார். ரேடார் பிடிப்பது உண்மை வேகத்தைத்தான், அதனால் இன்றைய டயரில் மீட்டர் 106 என்றால் நீங்கள் 100-ஐ ஒட்டித்தான் இருப்பீர்கள், கணக்குத் தப்பில்லை. ஆனால் அந்த இடைவெளி உங்கள் வண்டிக்கு, இந்த டயருக்கு, இந்தத் தேய்மானத்துக்கு மட்டும் உரியது. நாளைக்கு வேறு பிராண்டில் புது டயர் போட்டால் 106 என்பது 102 ஆகலாம், மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் அதில் இடைவெளி 2 தான் இருக்கலாம், பழக்கதோஷத்தில் அங்கேயும் 106 வைப்பீர்கள். மீட்டரில் 100 வைத்தால் விழுப்புரத்தில் இருந்து திருச்சி போய்ச் சேர ஆறேழு நிமிஷம் தாமதமாகும், அவ்வளவுதான். புது டயர் போட்ட பிறகு ஒருமுறை அதே ஐந்து கல்லில் அளந்து இங்கே எழுதுங்கள், இதே மாடல் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.