நெப்ராஸ்காவின் செர்ரி கவுன்டி: 1920-க்குப் பிறகு ஆள் குறைந்தது தூசிப்புயலாலா?

வரைபடப்பிரியன்:
அமெரிக்கக் கவுன்டிகள் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் மாதிரியான பிரிவுகள்) பற்றிய தமிழ்க் கட்டுரை வரிசையில் அடுத்தது செர்ரி கவுன்டி. பரப்பில் கனெக்டிகட் மாநிலத்தையே மிஞ்சும் இடம், 2020 கணக்கெடுப்பில் 5,455 பேர்தான். 1920-இல் 11,753 பேர் இருந்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் காலி. "1930-களின் தூசிப்புயலால் மக்கள் வெளியேறினர்" என்று வரைவில் எழுதியிருக்கிறேன், சரியா? பரப்பு ஓரிடத்தில் 6,009 சதுர மைல், இன்னோரிடத்தில் 5,960 என்று வருகிறது. எதைப் போடுவது? மக்கள்தொகைக்கும் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

மணற்குன்று:
அந்த வரியை எடுத்துவிடுங்கள். தூசிப்புயலின் மையம் ஓக்லஹோமா, டெக்சாஸ் இரண்டின் வடமேற்கு முனைகள், தென்மேற்குக் கான்சஸ், தென்கிழக்குக் கொலராடோ. உழுது போட்ட கோதுமை நிலம் பறந்த கதை அது. செர்ரி கவுன்டியின் பெரும்பகுதி சாண்ட்ஹில்ஸ். புல் போர்த்திய மணல்மேடுகள், சில 400 அடி உயரம். மேற்கு அரைக்கோளத்தின் மிகப்பெரிய மணல்மேட்டுப் பரப்பு இதுதான். பெரும்பகுதியில் ஏர் பட்டதே இல்லை.

ஆள் ஏன் வந்தார்கள் என்று பார்த்தால்தான் ஏன் போனார்கள் என்பது விளங்கும். 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. இந்த மணலில் அது எதற்கும் காணாது. ஆகவே பெரிய மாட்டுப்பண்ணைகள் அரசு நிலத்தையும் சேர்த்து வேலிபோட்டு மேய்த்தன. ஸ்பேட் பண்ணையின் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் அரசு நிலத்தை மோசடியாகப் பிடிக்கச் சதி செய்த வழக்கில் தண்டனை பெற்று, காவலில் இருக்கும்போதே 1911-இல் இறந்தார். இதற்கிடையே 1904-இல் கின்கெய்ட் சட்டம் வந்தது. மேற்கு நெப்ராஸ்காவின் 37 கவுன்டிகளில் தலைக்கு 640 ஏக்கர். ஐந்து வருடம் குடியிருந்து, ஏக்கருக்கு 1.25 டாலர் வீதம், அதாவது மொத்தம் 800 டாலர் மதிப்புக்கு நிலத்தை மேம்படுத்திக் காட்டினால் பட்டா. கூட்டம் அலைமோதியது.

இப்போது கணக்கைப் போடுங்கள். சாண்ட்ஹில்ஸில் ஒரு பசுவும் கன்றும் வருடம் முழுக்க மேய 10 முதல் 20 ஏக்கர் வேண்டும். 15 என்று வைத்தால் 640 ஏக்கரில் 42 பசுக்கள். அதை வைத்து ஒரு குடும்பம் காலந்தள்ள முடியாது. பட்டா கைக்கு வந்ததும் பக்கத்துப் பண்ணைக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

எண்கணக்கன்:
மேலே சொன்னது எண்களிலேயே தெரிகிறது. 1900: 6,541. 1910: 10,414. 1920: 11,753. 1930: 10,898. 1940: 9,637. 1950: 8,397. 1960: 8,218. 1970: 6,846. 1980: 6,758. 1990: 6,307. 2000: 6,148. 2010: 5,713. 2020: 5,455.

1930-க்கு முன்பே இறக்கம் தொடங்கிவிட்டது. 1930-களில் குறைந்தது 11.6%, 1940-களில் 12.9%. மிகப்பெரிய வீழ்ச்சி 1960-களில், 16.7%. அப்போது எந்தத் தூசிப்புயலும் இல்லை. குதிரைகளும் கூலியாட்களும் சேர்ந்து அறுத்த தீவனப்புல்லை டிராக்டரும் கட்டும் இயந்திரமும் ஓரிரண்டு ஆட்களோடு முடிக்கும் நிலை வந்ததையும் பண்ணைகள் ஒன்றையொன்று விழுங்கியதையும் காரணமாகச் சொல்லுங்கள்.

பரப்பில் இரண்டு எண்ணும் சரி. 6,009 மொத்தம், 5,960 நிலம் மட்டும், வித்தியாசம் ஏரிகள். அடர்த்தியை நிலப்பரப்பால் வகுங்கள்: சதுர மைலுக்கு 0.92, சதுர கிலோமீட்டருக்கு 0.35. மொத்தப் பரப்பால் வகுத்துவிட்டுப் பக்கத்துக் கவுன்டிகளோடு ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு.

மக்கள்தொகைக்குப் பத்தாண்டுக் கணக்கெடுப்பு எண்ணை மட்டும் போடுங்கள். சென்சஸ் தளத்தில் நெப்ராஸ்காவுக்குக் குறியீடு 31, செர்ரிக்கு 031. இரண்டும் சேர்ந்து 31031. பெயரால் தேடினால் கவுன்டி எண்ணுக்குப் பதில் தலைநகரான வாலன்டைன் எண்ணை எடுத்துவிடும் அபாயம் உண்டு. குறியீட்டால் தேடினால் அது நேராது. அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பில் 20,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரி மட்டுமே வெளியிடுவார்கள். அது எல்லோரையும் எண்ணாமல் சிலரிடம் மட்டும் கேட்டுப் போட்ட மதிப்பீடு. வயது, வருமானம் மாதிரி விவரங்களுக்கு எடுங்கள், ஆனால் பிழை விளிம்போடு (எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவோடு) எடுங்கள். இன்னொன்று, 2020-இல் தனியுரிமைக்காக மாநில மொத்தத்துக்குக் கீழுள்ள எண்களில் சிறு மாற்றம் கலந்திருக்கிறார்கள். கவுன்டி அளவில் பொருட்படுத்த வேண்டியதில்லை. குட்டி கிராமங்களின் எண்ணை வைத்து "இத்தனை பேர் குறைந்தனர்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

வரைபடப்பிரியன்:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம். அடியில் ஓகலாலா நிலத்தடி நீர் இவ்வளவு கிடக்கிறதே, பாசனம் செய்து மக்காச்சோளம் போட்டிருக்கலாமே?

மணற்குன்று:
போட்டுப் பார்த்தார்கள். 1970-களில் சோள விலை ஏறியபோது, வட்டமாகச் சுழலும் பாசனக் குழாய்களை மேடுகள் மீதே நிறுத்தினார்கள். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. உரத்திலுள்ள நைட்ரேட் நேராக நிலத்தடி நீருக்கு இறங்கும். விலை சரிந்து நிலத்தைப் போட்டுவிட்டுப் போனால், புல்வேர் இல்லாத மணலைக் காற்று அள்ளும்.

உழாமலேயே கூட மாடுகள் நடக்கும் தடத்திலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் புல் தேய்ந்து, காற்று குடைந்து கிண்ணம் மாதிரிப் பள்ளம் விழும். அங்கே அதை ப்ளோஅவுட் என்பார்கள். வேலி கட்டி மாட்டை விலக்கி, மேலே பழைய வைக்கோலைப் பரப்பி, தொட்டியையும் உப்புக்கட்டியையும் இடம் மாற்றுவது வழக்கமான வைத்தியம். இதில் ஒரு விநோதம்: அந்தப் பள்ளங்களில் மட்டும் முளைக்கும் ப்ளோஅவுட் பென்ஸ்டமன் என்ற செடி, பள்ளங்களை அடைப்பதில் பண்ணையாளர்கள் தேர்ந்ததால் அருகி, 1987-இல் அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்தது.

நீர் வீணாகிவிடவில்லை. மேடுகளுக்கு இடையே பள்ளத்தாக்கில் நீர்மட்டம் வேரைத் தொடும் அளவு மேலே நிற்கும். குளிர்காலத் தீவனப்புல் அங்கேதான் விளைகிறது. நயோப்ராரா, ஸ்நேக், நார்த் லூப் ஆறுகள் கோடையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடுவதும் இந்த ஊற்றால்தான்.

பழையகோட்டை:
வரலாற்றுப் பகுதிக்குச் சில. கவுன்டி உருவானது 1883. அதே வருடம் ரயில் வாலன்டைனை எட்டியது. 1881-இல் கொல்லப்பட்ட லெப்டினன்ட் சாமுவேல் செர்ரியின் பெயரை வைத்தார்கள். பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வடக்கே தெற்கு டகோட்டாவில் ரோஸ்பட் பகுதி லக்கோட்டா மக்களைக் கண்காணிக்க 1880-இல் நயோப்ராரா கோட்டை கட்டினார்கள். படை 1906-இல் கிளம்பியது. 1912-இல் இடம் வனவிலங்குக் காப்பகமாயிற்று. காட்டெருமைகளை இன்றும் பார்க்கலாம்.

கின்கெய்ட் சட்டம் பற்றி எழுதும்போது டிவிட்டியை விடாதீர்கள். 1907-இல் பிரவுன்லீ அருகே, நார்த் லூப் கரையில் கறுப்பினக் குடும்பங்கள் அமைத்த குடியேற்றம். நெப்ராஸ்காவின் கறுப்பின நாட்டுப்புறக் குடியேற்றங்களில் அதுவே பெரியது. 1930-களில் கலைந்துவிட்டது. மணற்குன்று போட்ட கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.

பள்ளிகளையும் சொல்லலாம். தொலைதூரப் பண்ணைப் பிள்ளைகளுக்கான தொடக்கப்பள்ளி மாவட்டங்களை மாநிலம் 2006-இல் கலைத்துப் பெரிய மாவட்டங்களோடு இணைத்தது. அதன் பிறகு எண்களில் ஏற்பட்ட சரிவைப் பள்ளியோடு முடிச்சுப்போட ஆதாரம் தேவை. அவசரப்பட வேண்டாம்.

நேர வலயத்தை ஒற்றை வரியில் "மத்திய நேரம்" என்று போட்டுவிடாதீர்கள். எல்லை கவுன்டிக்கு நடுவே போகிறது. கிழக்கே வாலன்டைன் மத்திய நேரம், மேற்கே மெரிமன் மலை நேரம். ஒரே கவுன்டிக்குள் ஒரு மணி நேர வித்தியாசம். தகவல்பெட்டியில் இரண்டையும் குறிப்பிடுங்கள்.